பிளேக் வராத ஊர்

கோகுலகிருஷ்ணன் ஐரோப்பாவைப் பார்த்ததில்லை. மெட்ராஸையே நாலு தரம் பார்த்திருந்தால் அதிகம். ஆனால் அறுநூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் கப்பலோடு வந்து இறங்கிய பிளேக் எந்த வழியாகப் போய் எந்த ஊரைத் தின்றது என்பதைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்லுவார். வீட்டில் காஸ் தீர்ந்துபோனது மட்டும் அடுப்பு அணைந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

திருப்பதியில் ஒரு தனியார் டிகிரி காலேஜில் பதினெட்டு வருஷமாகச் சரித்திர லெக்சரர். பர்மனென்ட் ஆகாத லெக்சரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெதுருகுப்பம் பக்கத்து மேட்டுக்குப்பத்திலிருந்து காலை ஏழே கால் பஸ் பிடித்துப் போவார், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவார். பாடம் நடத்துவது தெலுங்கில், நோட்ஸ் கொடுப்பது இங்கிலீஷில், வீட்டில் பேசுவது தமிழில். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதெல்லாம் ஒரே வாய்க்குள் சண்டை போடாமல் குடியிருக்கும்.

பாடப் புத்தகத்தில் ஐரோப்பாவின் பிளேக்குக்கு ஒன்றரைப் பக்கம். மூன்றில் ஒரு பங்கு ஜனம் செத்ததை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவது அவருக்கு மனசு கேட்கவில்லை. அதனால் வருஷா வருஷம் இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கொடுத்து வீட்டில் எழுதிவரச் சொல்லுவார். 'அந்தப் பிளேக் வராமலே போயிருந்தால் ஐரோப்பா எப்படி இருந்திருக்கும்?' பரீட்சையில் வராத கேள்வி. மார்க்கும் இல்லை. ஆனாலும் எழுதுவார்கள். ஒருவன் இரண்டே வார்த்தையில் 'ரொம்ப ரஷ்' என்று எழுதியிருந்தான். ஒரு பெண், 'இந்தப் பாடமே இருந்திருக்காது சார், எங்களுக்கு நிம்மதி' என்று எழுதியிருந்தாள். அவர் இரண்டு பேருக்கும் டிக் போட்டார்.

அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி கன்னிகாவுக்குப் படித்துக் காட்டுவார். கன்னிகா திருத்தணிப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். அவருக்குத் தமிழ் வாயில்தான் வரும்; எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டும், ஏனென்றால் படித்த பள்ளிக்கூடமெல்லாம் தெலுங்கு. அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். பிளேக் வராத ஐரோப்பாவை அவர் சொல்லுவார், அவள் நோட்டில் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மணி நேரம். கல்யாணமான புருஷனும் பொண்டாட்டியும் செய்கிற வேலையா இது என்று கேட்கலாம். அவர்களுக்கு இதுதான் சினிமா.

அவர் சொன்ன ஐரோப்பா ஒன்றும் சொர்க்கம் இல்லை. பிளேக்கில் கூலியாட்கள் செத்ததால்தான் மிஞ்சினவர்களுக்குக் கூலி ஏறியது, அடிமை மாதிரி உழுதவர்கள் நிமிர்ந்து நின்று பேரம் பேசினார்கள். பிளேக் வரவில்லை என்றால் அதே பண்ணை, அதே கூலி, நிலம் துண்டு துண்டாகி, பஞ்சம் வந்து, ஜனம் மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். இப்படித்தான் அவர் கணக்கு.

கன்னிகா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்வாள். "அப்ப பிளேக் வந்ததுதான் நல்லதுன்றீங்களா?"

"நல்லதுன்னு சொல்லல..."

"செத்தவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதலாம்."

அவளுக்கு மொத்த ஜனம் முக்கியமில்லை. ஒரே ஒருத்தி வேண்டும். அந்தக் காலத்துக் கூலிக்காரி ஒருத்தி பேர் சொல்லுங்கள் என்று கேட்டாள். ராஜாக்கள் பேர் நூறு தெரிந்த மனுஷனுக்கு ஒரு கூலிக்காரி பேர் தெரியவில்லை. அவளே மார்த்தா என்று வைத்துக்கொண்டாள். மார்த்தாவுக்கு நாலு பிள்ளைகள். பிளேக் வராததால் நாலும் உயிரோடு இருக்கின்றன. பஞ்சம் வருகிற இடத்தில் ஒன்றாவது செத்தால்தான் சரித்திரத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். கன்னிகா பேனாவை மூடிவிட்டாள். "உங்க சரித்திரத்துக்குப் பசிச்சா வேற எவனையாவது துன்னச் சொல்லுங்க. மார்த்தா புள்ளைங்க மேல கை வெக்கக்கூடாது." நாலு பிள்ளைகளும் பிழைத்தன. நோட்டு பாதி வரை நிறைந்தது.

ஊரில் அவருக்கு என்ன மரியாதை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முடிந்தது. அவருடைய நைனா ரங்கையா அடுத்தவன் நிலத்தில் களை பறித்தவர். சர்க்கார் பட்டா கொடுத்த இரண்டு ஏக்கர்தான் அந்தக் குடும்பத்தின் முதல் நிலம். பிள்ளை எம்.ஏ. படித்து, டை கட்டி, லெக்சரராகப் போனாலும் ஊருக்கு அவர் 'ரங்கையா மவன்'தான். கூட்டம் போட்டால் ஓரத்தில் நிற்பார். இரண்டு தடவை பேச வாயெடுத்தார். இரண்டு தடவையும் யாரோ பீடி பற்ற வைத்துக்கொண்டே வேறு பேச்சை எடுத்தார்கள். மூன்றாவது தடவை அவர் வாயெடுக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபது மார்ச் கடைசியில் லாக்டவுன் வந்தது. டிவியில் செத்தவர்கள் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. மேட்டுக்குப்பம் பயந்துபோனது. ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி பால் சொசைட்டி முன்னால் கூடினார்கள். சொசைட்டி நடத்துகிற நாகபூஷணம்தான் ஊரில் பெரிய குரல். அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் நின்றவரைக் கூப்பிட்டார்.

"சார், நீங்கதான் நோய்ப் பாடமெல்லாம் சொல்லித் தர்றவரு. நீங்க சொல்லுங்க. இன்னா பண்லாம்?"

சார். அந்த ஊரில், அந்த வாயிலிருந்து, முதல் தடவை. கோகுலகிருஷ்ணன் முன்னால் வந்தார். பீடி பற்ற வைத்தவர்கள் அணைத்துவிட்டுக் கேட்டார்கள். ஊர் ஊராகச் செத்த ஐரோப்பாவில் மிலான் என்று ஒரு ஊர் பெரிய சேதமில்லாமல் தப்பித்ததையும், நோய் கண்ட வீட்டை வாசலோடு சேர்த்து அடைத்ததையும் சொன்னார். வெளியிலிருந்து வருகிறவனை உள்ளே விடாத ஊர்தான் பிழைக்கும் என்றார். நமக்கு ஒரே ரோடு, அதை வெட்டிவிட்டால் போதும் என்றார். இருபது நிமிஷம் பேசினார். பதினெட்டு வருஷத்தில் எந்த வகுப்பும் அவரை அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார். உலகமே சாவைப் பார்த்து நடுங்கின நாளில் அந்த மனுஷன் சந்தோஷமாக இருந்தார் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது. ஆறடி ஆழம், எட்டடி அகலம், ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அந்தப் பக்கம் முள்ளை வெட்டி ஆள் உயரத்துக்குக் குவித்தார்கள். ஜேசிபி டிரைவர் இறங்கி வந்து, பைக் போகிற அளவுக்கு ஒரு ஓரம் விடட்டுமா என்று கேட்டான். எல்லோரும் கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார்கள்.

"ஒரு ஆள் பூர்ற சந்து இருந்தாப் போதும், நோய் பூந்துடும். முழுசா வெட்டு" என்றார்.

கைதட்டினார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அவர்கள் ரோட்டிலும் அதே அளவில் வெட்டிக்கொண்டார்கள்.

கன்னிகா மட்டும் சாயங்காலம் கேட்டாள். "ஏங்க, ஒரு பைக் போற அளவுக்காவது வுடச் சொல்லக்கூடாதா? ஆத்தர அவசரம்னா?"

"மிலான்ல வுட்டாங்களா?"

"மிலான்ல எனக்கு யாரு இருக்காங்க? நான் இந்த ஊர்ல இருக்கேன்."

அவர் சிரித்தார். அதை நல்ல ஜோக் என்று நாலு பேரிடம் சொல்லவும் சொன்னார்.

ஏப்ரல் மாசம் மூன்றாவது சனிக்கிழமை, காலை பத்து மணி வாக்கில், கன்னிகா மாந்தோப்பு ஓரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். நல்ல பாம்பு. கணுக்காலுக்கு மேலே. அவள் கத்தவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்து, "ஏங்க, பாம்பு புடுங்கிடுச்சிங்க" என்று பால் காய்ச்சவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பக்கத்து வீட்டு சிரஞ்சீவி உடனே ஆட்டோவை எடுத்தான். ஒன்பது கிலோமீட்டரில் மண்டல் ஆஸ்பத்திரி, அங்கே பாம்புக்கடி ஊசி உண்டு. சாதாரண நாளில் இருபது நிமிஷம்.

பள்ளத்துக்கு முன்னால் ஆட்டோ நின்றது.

அந்தப் பக்கத்து முள்ளை விலக்க ஆட்கள் ஓடினார்கள். கன்னிகாவைப் போர்வையில் வைத்து இறக்கினார்கள். அவர் பள்ளத்துக்குள் நின்று அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவளுக்குக் கண் இமை சரிந்துகொண்டே வந்தது. ஏற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனால் வண்டி இல்லை. நூற்றெட்டுக்குப் போன் போட்டால் எல்லா வண்டியும் கொரோனா கேஸுக்குப் போயிருக்கிறது, வருகிறோம் என்றார்கள். அடுத்த ஊர்க்காரன் ஒருவன் பைக்கோடு புறப்பட்டு, அவர்கள் ஊர்ப் பள்ளத்தில் நின்றுவிட்டான். கடைசியில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு பால் வேன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவள் மார்பு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், சீட்டில் நேரத்தை எழுதினார். வேறு எதுவும் சொல்லவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கோகுலகிருஷ்ணனும் கேட்கவில்லை.

அதுதான் அவர் செய்த வேலை. கேட்கவில்லை. ஆறு வருஷமாக எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கையில் போன் இருக்கிறது, தட்டினால் சொல்லிவிடும், தட்டவில்லை. செத்துப் பல நூறு வருஷம் ஆனவர்களைப் பற்றி அலமாரி நிறையப் படித்த ஆள், நல்ல பாம்பு விஷத்தைப் பற்றி ஒரு பக்கம் படிக்கவில்லை.

அந்த வருஷம் மேட்டுக்குப்பத்துக்குக் கொரோனா வரவேயில்லை. அடுத்த வருஷம் அலை பெரிசாக வந்தபோது மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டது, தேறிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் பிணம் விழுந்தது, இங்கே ஒன்றுகூட இல்லை. பள்ளத்தை அதற்கு முந்தின வருஷம் ஜூனிலேயே மூடிவிட்டார்களே என்று யாரும் யோசிக்கவில்லை. சார் சொன்னார், ஊர் பிழைத்தது. அவ்வளவுதான். வருஷா வருஷம் கங்கம்மா ஜாத்திரையில் அவரைக் கூப்பிட்டுத் துண்டு போர்த்தினார்கள். அவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

பிளேக் வராத ஐரோப்பாவைத் தேடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அது கிடைத்துவிட்டது. நோய் நுழையாத ஊர், முன்னூற்றுப் பத்து பேரும் பத்திரம், சாவு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று அவர் வீட்டில். அந்த வருஷத்திலிருந்து அவர் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைக் கொடுப்பதில்லை. ஒன்றரைப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நோட்டை எடுத்துக் கன்னிகாவின் எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். ஒரு வரிக்கு மேல் முடியவில்லை. எழுத்து புரியாததால் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மகள் அக்ஷயா.

லாக்டவுன் போட்டபோது அவளுக்குப் பதின்மூன்று வயசு. திருத்தணியில் பெரியம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அம்மா செத்த செய்தி போனில் போனது. பார்டரில் பாஸ் கிடைத்து வந்து சேரப் பதினொரு நாள் ஆனது. அதற்குள் நாகபூஷணம் பள்ளத்தின் மேல் இரண்டு தென்னை மரத்தைப் போட்டு நடக்க வழி செய்திருந்தார். அந்த மரத்தின் மேல் நடந்துதான் அக்ஷயா ஊருக்குள் வந்தாள். வீட்டுக்குள் வந்ததும் அழவில்லை.

"நீ வேணாம்னு சொல்லலையா நைனா? உனக்குத் தெரியாதா, ரோட்ட வெட்டினா இந்த மாதிரி ஆவும்னு?"

அவர் வாயிலிருந்து வந்தது இதுதான். "என் பேச்ச யாரும்மா கேக்கறாங்க இந்த ஊர்ல?"

நாற்பது வருஷமாக அது உண்மை. ஒரே ஒரு நாளைக்கு மட்டும் உண்மையில்லை. பிள்ளை நம்பிவிட்டாள். நம்புவதற்கு அவளுக்கு அவரைத் தவிர யாரும் இல்லை. அன்றையிலிருந்து அவளுக்கு ஊர்தான் எதிரி, அதிலும் நாகபூஷணம் பரம எதிரி. ஜாத்திரைப் பக்கம் போக மாட்டாள், ஊரில் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள். அந்த ஆள் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஒருதரம் சொசைட்டி முன்னால், எல்லோர் காதிலும் விழ, "எங்கம்மாவ இந்த ஆளுதான் கொன்னாரு" என்றாள். வாய் திறக்கப் போனவர்களைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு நாகபூஷணம் பால் கேனைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு கோகுலகிருஷ்ணனைத் தனியாகப் பார்த்து, "கொழந்த கோவம் நம்ம மேலயே இருக்கட்டும் சார். நீங்க ஒன்னும் சொல்லிக்காதீங்க" என்றார். பெரிய குரல்காரர் என்று கேலியாகச் சொன்னேன். இந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். கோகுலகிருஷ்ணனோ அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டிவிட்டார்.

அக்ஷயா இப்போது திருப்பதியில் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். எமர்ஜென்ஸி வார்டில்தான் வேலை பார்ப்பேன் என்கிறாள். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவருக்குப் போன் பண்ணி, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பாள். அந்த ஒரு மணிப் போனுக்காகத்தான் அவர் காலையில் எழுந்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த வருஷம் ஏப்ரலில் நாகபூஷணம் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். ரோட்டோரமாக, பழைய பள்ளம் இருந்த இடத்தில், ஊர்க்காரர்கள் சேர்ந்து பஸ் ஷெல்டர் கட்டுவது கோகுலகிருஷ்ணனுக்குத் தெரியும். அதற்குக் கன்னிகா பேரை வைக்கப் போகிறார்கள் என்பது தெரியாது.

"ஜாத்திரைக்கு மொத நாள் தெறப்பு விழா சார். பாப்பாதான் தெறக்கணும். ஊரே ஆசப்படுது. சிலாபலகம்கூட ரெடி." போனில் கல்வெட்டின் படத்தைக் காட்டினார். தெலுங்கில் நல்ல முத்து முத்தான எழுத்து. மேலே கன்னிகா ஞாபகார்த்தம். கீழே, 'லெக்சரர் கோகுலகிருஷ்ணன் யோசனைப்படி ரோட்டைத் துண்டித்து ஊரைக் காப்பாற்றிய இடம்.'

கோகுலகிருஷ்ணன் கீழ் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "இத எடுத்துட முடியாதா?"

"கல்லுல ஏறிடுச்சி சார். நல்லதுதான எழுதியிருக்கோம்?" என்று சொன்ன பிறகுதான் நாகபூஷணத்துக்கு உறைத்தது. அவர் முகம் மாறியது. "பாப்பாவுக்கு இன்னுமா தெரியாது? நீங்க எப்பவோ சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேனே..."

விழாவுக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் அக்ஷயா வந்தாள். அம்மா பேர் என்பதால்தான் வருகிறேன், அந்த ஆள் முகத்தில் மட்டும் விழிக்க மாட்டேன் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். ஷெல்டரில் கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவள் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முகம் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சோறு வைத்தாள். அவருக்கு ஒரு நாள் இருந்தது. ஒரு நாள்கூட இல்லை, சோறு வேகிற நேரம். அதற்கு மேல் வைத்துக்கொண்டிருந்தால் சொல்லாமலே விட்டுவிடுவோம் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னார். கூட்டத்தில் தன்னைக் கூப்பிட்டது, மிலான் கதை, ஜேசிபி டிரைவர் கேட்டது, தான் சொன்னது, அம்மா கேட்டது, தான் சிரித்தது. வகுப்பில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். பாதிக்கு மேல் அந்தக் குரல் வரவில்லை.

அக்ஷயா அடுப்பை அணைத்தாள். பிறகு கேட்டாள்.

"கடிச்சது எத்தன மணிக்கு?"

"பத்து... பத்து அஞ்சி இருக்கும்."

"பள்ளத்தாண்ட எப்ப வந்தீங்க?"

"பத்தேகால்."

"பால் வேன் எப்ப கெளம்புச்சி?"

"பதினொன்னு பத்து."

"கண்ணு எமை சரிஞ்சிது எப்ப? பேச்சு கொழறிச்சா? மூச்சு வாங்கிச்சா? எப்ப?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஆறு வருஷமாக ஒரு நிமிஷம்கூட மறக்காமல் வைத்திருந்தார். அவள் நோயாளியின் சீட்டில் எழுதுகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனாள். அவருக்கு ஒரு ஆசை இருந்தது, வெளியே சொன்னால் வெட்கம். நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை, நல்ல பாம்பு கடித்தால் எப்படியும் பிழைப்பது கஷ்டம்தான் நைனா என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம்.

"ரோடு வெட்டாம இருந்திருந்தா?" என்று அவரே கேட்டுவிட்டார். பதினெட்டு வருஷம் பிள்ளைகளிடம் கேட்ட அதே கேள்வி, ஐரோப்பா மட்டும் அதில் இல்லை.

அக்ஷயா அவரைப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டுமா என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. அவள் படிக்கிற படிப்பு அதற்கு விடவில்லை.

"பத்தரைக்கெல்லாம் ஆஸ்பத்திரி போயிருப்பீங்க. ஊசி போட்டு, மூச்சுக்கு டியூப் வச்சிருப்பாங்க. அம்மா பொழச்சிருக்கும் நைனா."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சோறு அப்படியே இருந்தது.

அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது, தெருவில் ஒரு ஜீவன் இல்லை. அவள் ஷெல்டரில் போய் உட்கார்ந்திருந்தாள், துணி போட்டு மூடின கல்லுக்குக் கீழே. இரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் அதே பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். கால் கீழே இருந்த சிமெண்டுத் தரை பள்ளத்தை மூடின மண்ணின் மேல் போட்டது. எந்த இடத்தில் கன்னிகாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்று அவருக்கு அடி பிசகாமல் தெரியும்.

"நாளைக்கு மைக்குல எல்லாத்தையும் சொல்லிடறேன்மா" என்றார்.

"யாருக்கு?"

"ஊருக்கு."

"ஊருக்குத் தெரியாதா? நீ சொல்லும்போது கை தட்டனவங்கதான எல்லாரும்? இந்த ஊர்ல முன்னூறு பேருக்கும் தெரியும். தெரியாதது எனக்கு ஒருத்திக்குத்தான்."

அவர் கல்லை மூடியிருந்த துணியை அண்ணாந்து பார்த்தார்.

"நாகபூஷணம் மாமாவ நான் இன்னா இன்னா பேசியிருக்கேன் தெரியுமா? நீ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்த. அவரும் கேன் கழுவிக்கினு இருந்தாரு. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பைத்தியக்காரி ஆக்கிட்டீங்க." அவள் குரல் உடைந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அழாத அழுகை அப்போது வந்தது. "எனக்கு யாரையாவது வெறுக்கணும் நைனா. வெறுக்காம என்னால படுக்க முடியாது, எழுந்துக்க முடியாது. இத்தன நாள் அந்த ஆளு இருந்தாரு. இப்ப நான் யார வெறுக்கறது? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். உன்ன வெறுத்துட்டு நான் எங்க போறது?"

அவர் கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். தொடுவதற்குத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அவளும் நகர்ந்து வரவில்லை, எழுந்தும் போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய பை இருந்தது.

இரண்டு மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்து, திருப்பதியா அம்மா என்று தெலுங்கில் கேட்டார். அக்ஷயா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் நாலரைக்குத்தான்.